பதினோராம் எண் கூண்டும் வலையமைப்புக் கண்காணிப்பும்

புதுவைக் கடற்கரையில் வாழ்வோர்க்குப் புயற்கூண்டு என்பது புதிய சொல்லன்று. ஐப்பசி கார்த்திகைத் திங்களில் வங்கக் கடலிற் காற்றழுத்தத் தாழ்வு தோன்றிற்றெனின், துறைமுகத்தில் எத்தனையாம் எண் ஏறிற்று என்று மீனவரும் வணிகரும் ஒருவரையொருவர் வினவிக்கொள்வர். முதலிரண்டு எண்களும் தொலைவிலுள்ள ஆழ்கடலின் நிலையை உணர்த்துவன. மூன்றும் நான்கும் துறைமுகத்திற்கே வரக்கூடிய தீங்கினைக் குறிப்பன. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பேரபாயம். இவ்வளவும் பலர் அறிவர். பத்துக்கு மேலும் ஓர் எண் உண்டென்பதைச் சிலரே அறிவர். அப்பதினோராம் எண் காற்றின் வேகத்தைப் பற்றியதன்று. வானிலை எச்சரிக்கை நிலையத்தோடு இருந்த செய்தித் தொடர்பு அற்றுப்போயிற்று, தீய வானிலை நேருமென்று துறைமுக அதிகாரி தாமே கருதுகின்றார் என்பதே அதன் பொருள்.

செய்தி வாராமையையே ஒரு செய்தியாக எண்ணி, அதற்கென ஓர் எண்ணையும் வகுத்து வைத்தோர் நுண்ணறிவு வியக்கத்தக்கது. இக்காலத்து வணிக நிறுவனங்கள் தம் கணினி வலையமைப்புகளைக் காக்கும்பொருட்டு நிறுவியுள்ள கண்காணிப்பு நிலையங்களின் தொழில் இன்னதென விளக்கப் புகுந்த யாம், இக்கூண்டினை முதற்கண் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அந்நிலையங்களின் உயிர்நிலை இப்பதினோராம் எண்ணிலேயே அடங்கியிருக்கின்றதென்பது எம் கருத்து.

முதலில் வலையமைப்பு என்பது யாதெனக் காண்போம். நேரு வீதியில் ஒருவர் வேட்டி ஒன்று வாங்கி, கடையில் ஒட்டியுள்ள க்யூஆர் கட்டத்தைக் கைப்பேசியால் நோக்கி முந்நூறு ரூபாய் செலுத்துகின்றார் என்று கொள்வோம். அக்கட்டளை கைப்பேசியினின்று கோபுரத்திற்கும், கோபுரத்தினின்று மண்ணுக்கடியிற் புதைந்த கண்ணாடி இழைக்கும் சென்று, வழிநெடுகச் செய்தியைத் தக்க திசையில் திருப்பிவிடும் ரூட்டர் என்னும் கருவிகள் பலவற்றைக் கடந்து, தேசியப் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷனையும் இருவர் வங்கிகளையும் அடைந்து மீள்கின்றது. பின்னரே கடைக்காரர் மேசையிலுள்ள சிறு ஒலிப்பெட்டி பணம் வந்ததென்று கூவுகின்றது. இவையனைத்தும் சில நொடிகளில் முடிவன. இவற்றுள் யாதேனும் ஒன்று நின்றுவிடின், கடைக்காரர் தம் கைப்பேசியைத் தட்டிப் பார்ப்பார். வாங்க வந்தவர் தம் வங்கியை வைவார். நோய் ஓரிடத்தும் வலி ஓரிடத்துமாக இருப்பதே வலையமைப்பின் இயல்பு.

சிறு கடைக்கே இங்ஙனமாயின், கடல் கடந்த தொழில் புரியும் நிறுவனங்களின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. 1994-இல் நம் புதுவையில் தோன்றிய இன்டெக்ரா என்னும் நிறுவனம் அயல்நாட்டுப் பதிப்பகத்தார்க்கு நூல்களைப் பதிப்பிற்கேற்ப அமைத்துக் கொடுத்து வருவது யாவரும் அறிந்ததே. அத்தகைய தொழிலில் மூலப்படி வருவதும் திருத்தப்படி செல்வதும் வலையமைப்பின் வழியாகவேயாம். வழி அடைபட்ட ஒரு நாள் வேலையற்ற ஒரு நாள். அயல்நாட்டார்க்கோ அது வாக்குத் தவறிய நாள்.

ஆதலின் பெருநிறுவனங்கள் தம் வலையமைப்பை இரவும் பகலும் நோக்கியிருக்க ஓர் இடத்தை ஏற்படுத்துகின்றன. தொழிலில் உள்ளோர் அதனை ‘நாக்’ என்று சுருக்கி வழங்குவர். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமாகிய ஏடி அண்டு டி 1977-இல் நியூஜெர்சி மாநிலத்துப் பெட்மின்ஸ்டர் என்னும் ஊரில் நாடு முழுவதற்குமாக அமைத்த நிலையம் இவற்றுக்கெல்லாம் முன்னோடியாகக் கூறப்படும். சுவரளாவிய திரைகள், அவற்றிற் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளிகள், எதிரே முறைவைத்து அமர்ந்திருக்கும் ஊழியர் என இந்நிலையங்களின் தோற்றம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. தோற்றம் நிற்க, அவை செய்யும் வேலையை நோக்குவோம்.

வேலை இருவகைப்படும். ஒன்று கேட்டறிதல், மற்றொன்று சொல்லக் கேட்டல். நிலையத்துக் கணினி, வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கருவியையும் குறித்த காலத்திற்கு ஒருமுறை விளித்து, ‘உளையோ?’ என வினவும். இங்ஙனம் விளிப்பதற்குரிய ‘பிங்’ என்னும் சிறு நிரலை அமெரிக்கப் படைத்துறை ஆய்வகத்திற் பணிபுரிந்த மைக் மூஸ் என்பார் 1983 டிசம்பரில் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேட எழுப்பும் ஒலியின் பெயரே அதற்கு இடப்பட்டது. உளதென அறிந்தால் மட்டும் போதாது. அதன் நலமும் அறியவேண்டும். எத்துணைச் செய்தி கடந்தது, எத்துணை சிதைந்தது, வெப்பம் எவ்வளவு, நினைவகத்தில் எஞ்சிய இடம் எவ்வளவு என்றெல்லாம் வினவி விடைபெறுதற்கு, எல்லா நிறுவனத்தார் கருவிகளுக்கும் பொதுவான ஒரு பேச்சுமுறை 1988-இல் வகுக்கப்பட்டது. அதனை எஸ்என்எம்பி என்பர். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வினவுதல் நெடுநாளைய வழக்கம்.

சொல்லக் கேட்டலாவது, கருவி தானாகவே முன்வந்து தன் இடரை அறிவித்தல். இதனை ‘ட்ராப்’ என்பர். இது விரைவானதே, ஆயினும் குறையுடையது. அவ்வறிவிப்பு அனுப்பப்பட்டதன்றிச் சென்று சேர்ந்ததாவென்று பார்க்கப்படுவதில்லை. அன்றியும், இறந்த கருவி தன் இறப்பை எங்ஙனம் அறிவிக்கும்? ஆகவே கேட்டறிதல் இன்றியமையாததாயிற்று. மும்முறை விளித்தும் விடை வாராதாயின் திரையிற் புள்ளி சிவக்கும். விடை வாராமைக்கோ காரணம் பல. கருவி கெட்டிருக்கலாம், மின்சாரம் அற்றிருக்கலாம், இடைவழி அறுந்திருக்கலாம், விளித்த நிலையமே செவிடாகியிருக்கலாம். நான்கும் ஒரே மௌனமாகவே வந்து சேரும். மௌனத்தை வகைப்படுத்தி அறிதலே இத்தொழிலின் அருமை.

இதற்கு உதவும் ஓர் ஏற்பாட்டைக் கூறாமல் விடுதல் தகாது. இல்லங்களிலும் கடைகளிலும் கண்ணாடி இழையின் முனையிற் பொருத்தப்படும் சிறு பெட்டிக்கு மின்சாரம் நின்றவுடன், உள்ளே எஞ்சிய மிகச் சிறிய மின்னாற்றலைக் கொண்டு அப்பெட்டி ஒரேயொரு செய்தியை அனுப்பிவிட்டு அணைகின்றது. அதற்குப் பொறியாளர் இட்ட பெயர் ‘இறுதி மூச்சு’ என்னும் பொருள்பட நிற்பது. இறுதி மூச்சு வந்தபின் மௌனமாயின் மின்தடை. அஃது இன்றியே மௌனமாயின் இழை அறுந்ததென ஐயுறலாம். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறி மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்த நாளையும், 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்து ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய நாளையும் நினைப்போர், இவ்வேறுபாட்டின் பயனை எளிதில் உணர்வர். மின்தடையுள்ள இடத்திற்கு இழை ஒட்டுவோரை அனுப்பின் வீண்; இழை அறுந்த இடத்தில் மின்சாரத்தை நோக்கிக் காத்திருத்தலும் வீண். அன்று ஊருக்கு இருக்கும் ஆட்களோ சிலர்.

நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தபடியே நேரத்தோடு பதிந்து வைத்தல் நிலையத்தின் அடுத்த கடமை. இதனைக் கூறுமிடத்து ஆனந்தரங்கப் பிள்ளையை நினையாதிருத்தல் தமிழ் பயில்வோராகிய எமக்கு அரிது. 1736 முதல் 1761 வரை அப்பெரியார் எழுதிவைத்த நாட்குறிப்பில், புதுவைத் துறையில் எக்கப்பல் எந்நாளில் வந்தது, எந்நாழிகையிற் பீரங்கி முழங்கிற்று, எவர் எதனைச் சொன்னார் என்பன பயனுண்டோ இல்லையோ என்று பாராமற் குறிக்கப்பட்டுள்ளன. பின்வந்த வரலாற்றாசிரியர்க்கு அவையே பொன்னாயின. கணினிகளும் தம் செயல்களை இங்ஙனமே வரி வரியாக எழுதிக்கொண்டிருக்கும்; அதனை ‘லாக்’ என்பர். ஆனால் பிள்ளையவர்களுக்கு இல்லாத ஓர் இடர் இங்குண்டு. அவர் ஒருவர், இங்கு எழுதுவோர் ஆயிரவர். ஒன்றன் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தியிருப்பின், காரணம் பின்னும் காரியம் முன்னுமாகத் தோன்றி ஆராய்வோரை மயக்கும். ஆதலின் எல்லாக் கடிகாரங்களும் ஒன்றுபட்டிருத்தல் வேண்டும். நம் நாட்டுக் கணினிப் பாதுகாப்பு அமைப்பாகிய செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த ஆணையில் கடிகாரங்களை அரசாங்க நேரத்தோடு இணைக்கவேண்டுமென்றும், பதிவுகளை 180 நாள் காக்கவேண்டுமென்றும் விதித்தது. அவ்விரண்டையும் ஒரே ஆணையில் வைத்தது மிகப் பொருத்தமே.

இனி எச்சரிக்கை மிகுதியால் வரும் கேட்டைப் பற்றிச் சிறிது கூறுவாம். ஓர் இழை அறுந்தால், அவ்விழைக்கு அப்பாலுள்ள ஐந்நூறு கருவிகளும் விடை தாரா; ஐந்நூறு புள்ளிகளும் ஒருங்கே சிவக்கும். நோய் ஒன்று, கூக்குரல் ஐந்நூறு. எது எதன்மேற் சார்ந்தது என்பதை முன்னரே கணினிக்கு அறிவித்து, ஐந்நூற்றையும் ஒன்றாக ஒடுக்கிக் காட்டச் செய்வது நல்ல நிலையத்தின் இலக்கணம். அது செய்யாத இடத்தில் ஊழியர் நாளடைவில் எச்சரிக்கையையே பொருட்படுத்தாராவர். துறைமுகத்தில் நாள்தோறும் பத்தாம் எண் ஏற்றினால் எம் மீனவர் கடலுக்குப் போகாதிருப்பரோ?

கேள்வி மிகுவதும் கேடே. 2025 ஏப்ரல் 12-இல் நாடெங்கும் யூபிஐ முறையிற் பணம் செலுத்துதல் சில மணி நேரம் தடைப்பட்டது. செலுத்திய பணம் சேர்ந்ததா, சேர்ந்ததா என்று சில வங்கிகள் மீண்டும் மீண்டும் பெருந்தொகையாக அனுப்பிய வினாக்களே முறைமையை அழுத்திவிட்டன என்று பின்னர்க் கண்டறியப்பட்டது. அதன்பின் அவ்வினாக்களுக்கு அளவும் இடைவெளியும் விதிக்கப்பட்டன. நோயாளியை நொடிக்கொருமுறை எழுப்பி நலம் வினவினால் அவன் உறங்குவது எப்போது?

இத்துறையில் தமிழ்நாட்டிற்கு உரிய பங்கினையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலியோர் 1996-இல் தொடங்கிய அட்வென்ட்நெட் என்னும் நிறுவனம், அமெரிக்காவிற் பதிவுபெற்றுச் சென்னையில் நிரல் எழுதி, மேற்கூறிய எஸ்என்எம்பி முறைக்கான கருவிகளையே முதற்கண் விற்றது. அவற்றை வாங்கியோர் பெரும்பாலும் வலையமைப்புப் பொறி செய்யும் நிறுவனத்தார். 2001-ஐ ஒட்டித் தொலைத்தொடர்புத் தொழில் சரிந்தபோது அவ்வாணிகம் தளர்ந்தது. அந்நிறுவனத்தார் உடனே வேறு துறைமுகம் நோக்கினர்; பொறி செய்வோரை விடுத்து, அவற்றைப் பயன்படுத்தும் சாதாரண நிறுவனங்களுக்கே கண்காணிப்பு மென்பொருளைக் குறைந்த விலையிற் கொடுக்கலாயினர். மேனேஜ்என்ஜின் என்னும் பெயரில் வெளிவந்த அவற்றுள் ஆப்மேனேஜர் என்பது பல நாடுகளில் வழங்குகின்றது. 2009-இல் அந்நிறுவனமே ஸோஹோ எனப் பெயர் மாற்றிக்கொண்டது. இன்று ஸோஹோ என்றாற் பலரும் அஞ்சலையும் அலுவலக மென்பொருளையும் நினைப்பர். அதன் வேர் வலையமைப்புக் கண்காணிப்பில் உள்ளதென்பது மறக்கப்பட்டுவருகின்றது.

இவ்வளவு கருவிகள் இருந்தும் வலையமைப்புகள் வீழ்வது ஏன் என்னும் வினா எழும். விடையாக இரண்டு நிகழ்ச்சிகளைக் காட்டுவாம்.

2021 பிப்ரவரி 24 முற்பகல் 11.40 மணிக்கு மும்பைத் தேசியப் பங்குச் சந்தை தன் வாணிகத்தை நிறுத்திற்று. மாலை 3.45-க்கே மீண்டும் தொடங்கி 5 மணிவரை நடத்திற்று. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனத்தாரிடம் தனித்தனியே வடங்கள் பெற்றிருந்தும், இருவர் வடங்களும் ஒருங்கே நிலைகுலைந்தன என்று அச்சந்தையே அறிவித்தது. வழியில் மண் தோண்டிக் கட்டடவேலை நடந்தமை காரணமாகக் கூறப்பட்டது. வடங்கள் குலைந்தபின் அதனைத் தாங்கவேண்டிய சேமிப்புக் கருவிகளும் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. இடர்ப்பாட்டை அளக்கும் முறைமை எட்டாதாயிற்று. இடரை அளவாமல் வாணிகம் நடத்தல் ஆகாதென்று கடையை அடைத்தனர். கண்காணிப்பு நிலையத்தின் திரையில் இரு வடங்களும் இரு பச்சைப் புள்ளிகளாகவே பன்னாள் ஒளிர்ந்திருக்கும். இரண்டும் ஒரே மண்வெட்டிக்கு எட்டுமிடத்திற் கிடக்கக்கூடும் என்பதை எந்தப் புள்ளி கூறும்? திரை காட்டுவது கருவிகளின் நிலை, தெருவின் நிலையன்று.

மற்றொன்று அதே ஆண்டு அக்டோபர் 4-இல் நேர்ந்தது. பேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்தன. வழக்கமான பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு வழிகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுப்பதற்கென்றே இருந்த நிரலில் ஒரு வழு இருந்தமையால் அது தடுக்கவில்லை. பெயரை முகவரியாக மாற்றித்தரும் கணினிகள், தரவு நிலையங்களோடு தாம் பேச இயலாமையைக் கண்டு, தம்மையே நோயுற்றனவாகக் கருதி, இணையத்தினின்று தம் இருப்பிடத்தை விலக்கிக்கொண்டன. இவையன்றி எம் கருத்தைக் கவர்வது பிறிதொன்று. இத்தகைய நாளில் உள்ளே புகுவதற்கென முதன்மை வழியிற் சாராத ஒரு தனிவழியை அந்நிறுவனத்தார் வைத்திருந்தனர். அன்று அதுவும் செயலற்றிருந்தது. பழுதறியும் கருவிகளும் பழுதான வழியிலேயே சிக்கின. பொறியாளர் நேரிற் சென்றனர். பிறர் புகாவண்ணம் அமைத்த காவல் அவர்களையும் தாமதப்படுத்திற்று.

காக்கும் கண், தான் காக்கும் பொருளின் வழியாகவே பார்க்குமாயின், பொருள் கெடும் நாளில் கண்ணும் கெடும். தனிவழி என்பது பெரும்பொருட் செலவன்று. ரூட்டரின் பின்புறத்துள்ள பராமரிப்புத் துளையில், வேறொரு நிறுவனத்தின் கைப்பேசி அட்டை பொருத்திய சிறு பெட்டியை இணைத்தாலும் போதும். ஆனால் அதனை வைத்துவிட்டு மறத்தல் கூடாது. திங்கட்கொருமுறையேனும் அவ்வழியாற் சென்று பார்த்தல் வேண்டும். நல்ல நாளிற் சோதியாத வழியைத் தீய நாளில் நம்புதல் இயலாது.

கூண்டின் பொருளுரையில் ‘அதிகாரி தாமே கருதுகின்றார்’ என்ற பகுதியும் நம் கருத்திற்குரியது. தொடர்பு அற்றபோது மேலிடத்து உத்தரவை எதிர்பாராமற் கூண்டை ஏற்றும் உரிமை அங்குள்ளவருக்கு அளிக்கப்பட்டிருக்கின்றது. கண்காணிப்பு நிலையங்களிலோ இவ்வுரிமை பெரும்பாலும் இல்லை. நியூயார்க் அலுவலகம் காலை 9 மணிக்குத் திறக்கும்போது நமக்கு மாலை 6.30 அல்லது 7.30, அவர் மூடும்போது நமக்குப் பின்னிரவு. ஆகவே அந்நாட்டு நிறுவனங்களின் வலையமைப்பைக் காக்கும் நம் இளைஞர், சென்னையிலும் பெங்களூரிலும் இரவெல்லாம் விழித்திருக்கின்றனர். இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவருள்ளும் அத்தகையோர் இருத்தல் கூடும். முதற்படியில் உள்ளவர் புள்ளி சிவந்தால் ஒரு ‘டிக்கெட்’ பதிந்து, செய்முறை ஏட்டில் எழுதியதைச் செய்து, அது பயன்படாதாயின் இரண்டாம் படியினரை எழுப்பவேண்டும் என்பது விதி. ஏட்டில் இல்லாத மௌனம் ஒன்று நேருமாயின் அவர் கை கட்டப்பட்டதே.

இனி இம்முதற்படி வேலையைக் கணினியே செய்துவிடும் என்கின்றனர். ஐந்நூறு கூக்குரலை ஒன்றாக ஒடுக்குவதும், சென்ற மாதத்து அளவோடு இம்மாதத்து அளவை ஒப்பிடுவதும் கணினி திறம்படச் செய்வனவே; அவற்றிற்காக ஒரு மனிதரை இரவெல்லாம் விழிக்கச் செய்வதை யாம் ஆதரியோம். ஆயினும் ஏடு பேசாத இடத்திற் கருதித் துணிபவர் ஒருவர் வேண்டும். அவர் இளையரேயாயினும், வழியை மாற்றவும், நடந்துகொண்டிருக்கும் பராமரிப்பை நிறுத்தவும், உறங்கும் தலைவரை எழுப்பவும் அவருக்கு எழுத்து மூலம் உரிமை அளித்தல் வேண்டும். பின்னர் அது தேவையற்ற எச்சரிக்கையெனத் தெரிந்தாலும் அவரை ஒறுத்தலாகாது. ஒறுத்த இடத்தில் அடுத்தவர் காலைவரை காத்திருப்பார்.

தட்டாஞ்சாவடியிலும் சேதராப்பட்டிலும் உள்ள சிறு தொழிற்சாலைகளுக்கு இத்தகைய நிலையம் வைத்தல் இயலாதென்பது உண்மை. பணங்கொடுத்து இப்பணியைப் பிற நிறுவனத்தாரிடம் ஒப்படைப்போர் உளர். அதுவும் இயலாதார்க்கு 1999-இல் தோன்றிய நேகியோஸ், அதன்பின் வந்த ஸேபிக்ஸ் முதலிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. பழைய கணினி ஒன்றே அவற்றை இயக்கப் போதுமானது. அதனை நிறுவுவதற்கு முன்னரே கடிதம் ஒன்றினாற் செய்யத்தக்கதும் உண்டு. தமக்கு வடம் தந்திருக்கும் இரு நிறுவனத்தார்க்கும், எந்தெந்தத் தெருவின் வழியாக, தெருவின் எப்பக்கத்தில் அவர்தம் இழை எம் வாயிலுக்கு வருகின்றதென்று எழுதிக் கேட்டு, வரும் விடைகள் இரண்டையும் ஊர்ப் படத்தில் இரு நிறங்களாற் கோடிட்டுப் பார்த்தல். அக்கோடுகள் எவ்விடத்தேனும் ஒன்றன்மேல் ஒன்று விழுமாயின், அத்தெருவிற் பள்ளம் தோண்டுவோர் வரும் நாளை நகராட்சியிற் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.